எமோஜி வரவில்லையா? பெட்டியா, கேள்விக்குறியா என்று முதலில் பாருங்கள்

"சார், நம்ம சைட்ல பொம்மை வரமாட்டேங்குது." சின்னக் கடைகளுக்கு வெப்சைட் பார்த்துக்கொடுக்கிற எனக்கு அடிக்கடி வரும் போன் இதுதான். பொம்மை வரவில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள், ஆனால் அதற்குள் ஏழெட்டு வியாதி இருக்கிறது, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. அதனால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: பொம்மை இருக்க வேண்டிய இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

காலிப் பெட்டி என்றால் நிம்மதியாக இருங்கள். எழுத்து பத்திரமாக இருக்கிறது, அந்தக் கருவிக்கு அதை வரையத் தெரியவில்லை, அவ்வளவுதான். புரியாத குப்பை எழுத்துகள் என்றாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறி வந்தால்தான் எழுந்து உட்கார வேண்டும், ஏனென்றால் அநேகமாக அசல் எழுத்து அழிந்துபோய் அதன் இடத்தில் நிஜமாகவே ஒரு கேள்விக்குறி சேமிக்கப்பட்டிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. அந்த இடத்தைக் காப்பி செய்து, வாட்ஸப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்டு போனில் பாருங்கள். அங்கே பொம்மை தெரிந்தால் கோளாறு காட்டுவதில் மட்டும்தான். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் கீழே "கேள்விக்குறி வருகிறது" என்ற தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், மற்றதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## எமோஜி போடவே வழி தெரியவில்லை

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு முற்றுப்புள்ளியைத் தட்டினால் பட்டியல் திறக்கும். மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்து. இதற்காக வெப்சைட் வெப்சைட்டாகப் போய்க் காப்பி பேஸ்ட் செய்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர், தெரிந்தவுடன் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள் பாருங்கள்.

தட்டியும் வரவில்லையா? முதலில் கர்சர் எழுதும் இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் விண்டோஸில் சிடிஎஃப்மான் (ctfmon) என்ற சின்ன புரோகிராம் ஓடாமல் நின்றிருக்கலாம். ரன் பெட்டியில் அதன் பெயரைத் தட்டி எண்டர் கொடுத்தால் எழுந்துகொள்ளும். "கம்ப்யூட்டர் வேகமாகும்" என்று சொல்லி யாரோ எதையோ நிறுத்திவைத்த மிஷின்களில்தான் இதைப் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டு போனில் சிரிப்பு முகப் பட்டனே காணோம் என்றால் ஜிபோர்டு (கூகுளின் கீபோர்டு) செட்டிங்ஸில் பிரிஃபரன்சஸ் உள்ளே போங்கள், எமோஜி கீயைக் காட்டும் சுவிட்ச் அங்கே இருக்கும். ஐபோனில் கீபோர்டு பட்டியலிலிருந்து எமோஜியை யாராவது நீக்கியிருப்பார்கள், திரும்பச் சேர்த்தால் போதும்.

தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். இவற்றுக்கெல்லாம் அதிகாரப்பூர்வப் பெயர் உண்டு, அது நாம் அழைக்கிற பெயராக இருக்காது. நாம் வணக்கம் என்று போடுகிற 🙏 அங்கே "மடித்த கைகள்". வணக்கம் என்று தேடிக் கிடைக்காமல் வெறுத்துப்போனவர்கள் கையைத் தேடுங்கள், வரும்.

## பெட்டியாக வருகிறது

காசு செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

உங்கள் கருவி பழையது, எமோஜி புதியது. கண்ணுக்குக் கீழே பை தொங்கும் களைத்த முகம் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் எண் கொடுக்கும் உலகப் பொது முறை) 16-ஆம் பதிப்பில், 2024 செப்டம்பரில் வந்தது. ஐபோனுக்கே அது 2025-இல் 18.4 அப்டேட்டோடுதான் வந்து சேர்ந்தது. அதை நீங்கள் போட்டு, ஐந்து வருஷமாக அப்டேட் செய்யாத போனில் உங்கள் மாமா பார்த்தால் பெட்டிதான் தெரியும். அவர் போனை அப்டேட் செய்யலாம், அப்டேட்டே வராத போன் என்றால் விட்டுவிடலாம். வாட்ஸப்பில் தெரிகிறது, மற்ற இடத்தில் பெட்டி என்று சொன்னால் குழம்ப வேண்டாம், ஆண்ட்ராய்டில் வாட்ஸப் தன்னுடைய சொந்தப் படங்களைக் கையோடு கொண்டுவருகிறது.

கடை வெப்சைட்டுக்கு என் கணக்கு இதுதான்: வந்து மூன்று வருஷமாவது ஆன எமோஜியை மட்டும் போடுங்கள். புதுசு போட்டு யாரும் ஒரு கிலோ அதிகமாக வாங்கப்போவதில்லை.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் எல்லா எமோஜியுமே பெட்டியாக இருந்தால் ஃபாண்ட் இல்லை என்று அர்த்தம். நோட்டோ கலர் எமோஜி என்ற ஃபாண்டை நிறுவிவிட்டு பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள். "நோட்டோ" என்ற பெயரே இந்தப் பெட்டியை ஒழிப்பதற்காக வந்ததுதான். அந்தப் பெட்டிக்குத் தொழிலில் டோஃபு என்று பட்டப்பெயர், டோஃபு வேண்டாம் என்பதைச் சுருக்கி நோட்டோ ஆக்கினார்கள்.

அடுத்தது கொஞ்சம் ஏமாற்றும் வகை. பக்கத்தில் எமோஜி நன்றாகத் தெரிகிறது, ஆனால் லிங்க்கைப் பகிரும்போது வருகிற படத்தில் மட்டும் பெட்டி. அந்தப் படத்தை உருவாக்குவது சர்வர், அந்த சர்வரில் எமோஜி ஃபாண்ட் இருக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் மணிக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. சர்வரில் ஃபாண்ட் நிறுவ உங்களுக்கு அனுமதி இல்லை என்றால், ஹோஸ்டிங்காரர்களுக்கு "சர்வரில் எமோஜி ஃபாண்ட் நிறுவ வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள், அவர்களுக்குப் புரியும்.

## இந்தியக் கொடி போட்டால் இரண்டு ஆங்கில எழுத்து வருகிறது

இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. விண்டோஸின் எமோஜி ஃபாண்டில் நாட்டுக் கொடிகளே கிடையாது. கொடி என்பது உள்ளே நாட்டின் இரண்டு எழுத்துக் குறியீடுதான், வரையத் தெரியாத இடத்தில் அந்த எழுத்துகள் அப்படியே வெளியே தெரிகின்றன. போனில் தெரியும், மேக்கில் தெரியும், விண்டோஸிலேயே ஃபயர்பாக்ஸில்கூடத் தெரியும், ஏனென்றால் ஃபயர்பாக்ஸ் தன் ஃபாண்டைத் தானே வைத்திருக்கிறது. அதே கம்ப்யூட்டரில் குரோமில் தெரியாது.

சுதந்திர தினத்தன்று சைட்டில் கொடி கட்டாயம் வேண்டும் என்றால் எமோஜியை விட்டுவிட்டுச் சின்னப் படமாகப் போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 14 ராத்திரி பத்து மணிக்கு இதற்காக என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

## ஒரு பொம்மை இரண்டு மூன்றாகப் பிரிகிறது, அல்லது கறுப்பாக வருகிறது

குடும்பம் போட்டால் அப்பா, அம்மா, பிள்ளை என்று தனித்தனியாக வரிசையில் நிற்கிறார்கள். காரணம், குடும்பம் என்பது ஒரே எழுத்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டு எழுத்தால் இணைத்த பல எமோஜிகள். பழைய கருவிக்கு அந்த ஒட்டு புரியாது. தோல் நிறம் மாற்றிய கை ஒன்று, பக்கத்தில் பழுப்புச் சதுரம் ஒன்று என்று வந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், அங்கே ஒட்டு எழுத்து இல்லை, கையும் நிறமும் அடுத்தடுத்த இரண்டு எழுத்து, பழைய கருவிக்கு அவற்றைச் சேர்க்கத் தெரியாது. அப்டேட் செய்தும் குடும்பம் பிரிகிறது, அதுவும் உங்கள் சைட்டில் மட்டும் பிரிகிறது என்றால், ஃபார்மில் வரும் எழுத்தைச் "சுத்தம் செய்கிற" புரோகிராம் அந்த ஒட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. அதை எழுதியவரிடம் சொல்லுங்கள்: 8205 என்ற எண்ணுள்ள எழுத்தை நீக்காதே என்று.

சிவப்பு இதயம் போட்டால் கறுப்பு இதயம் வருவது வேறு விஷயம். இதயம், டெலிபோன், டிக் போன்றவை எமோஜி காலத்துக்கு முன்பே சாதாரணக் குறிகளாக இருந்தவை, அதனால் உங்கள் பக்கத்தின் ஃபாண்டிலேயே அவற்றுக்குக் கறுப்பு வடிவம் இருந்தால் பிரவுசர் அதை எடுத்துக்கொள்ளும். தீர்வு சுலபம், குறிக்குப் பின்னால் "வண்ணத்தில் காட்டு" என்று சொல்லும் ஒரு மறைவான எழுத்தைச் சேர்க்க வேண்டும். பக்கத்தின் நிரலில் இப்படி எழுதுங்கள்:

`❤️`

கடைசி எண்ணை 65038 என்று மாற்றினால் எதிர்மாறாகக் கறுப்பிலேயே நிற்கும், அதுவும் சில சமயம் தேவைப்படும்.

இதைச் சரிசெய்யப் போய் வேறொன்றைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஃபாண்ட் பட்டியலில் எமோஜி ஃபாண்டைத் தூக்கி முதலில் வைத்துவிடுவார்கள், எமோஜி அழகாக வரும், ஆனால் விலைப்பட்டியலில் எண்கள் எல்லாம் அகன்று பல் இளிக்கும். எமோஜி ஃபாண்டுகளுக்குள் 0 முதல் 9 வரை எண்களும் இருக்கின்றன, அதனால்தான். எமோஜி ஃபாண்ட் எப்போதும் பட்டியலில் கடைசி. நானே ஒரு நாள் முழுக்க இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

## குப்பை எழுத்துகள் வருகின்றன

தமிழ் எழுத்து இப்படிக் கெடும்போது தலையில் கோடு போட்ட "ஏ"யும் வட்டத்துக்குள் "ஆர்" குறியும் மாறி மாறி வரும், பழைய தமிழ்த் தளங்களைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது பழக்கம். எமோஜி கெட்டால் தலையில் குறுக்குக் கோடு போட்ட டி மாதிரி ஓர் எழுத்தும் இரண்டு புள்ளி வைத்த ஒய்யும் முதலில் வரும். இரண்டுக்கும் நோய் ஒன்றே: யுடிஎஃப்-8-இல் (யூனிகோடு எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் முறை) எழுதியதை வேறு முறையில் படிக்கிறார்கள்.

பார்க்க வேண்டிய வரிசை:

பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 (meta charset="utf-8") என்ற வரி இருக்கிறதா? இருந்தால் எங்கே இருக்கிறது? முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும் (பைட் என்பது ஃபைலின் அளவுக் கணக்கு, ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்). அதற்கு மேலே நாலைந்து விளம்பர ஸ்கிரிப்டுகளைத் திணித்து இந்த வரியைக் கீழே தள்ளிய பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். ஹெட் திறந்தவுடன் முதல் வரியாகப் போட்டுவிடுங்கள்.

ஃபைலை எதில் சேமித்தீர்கள்? பழைய விண்டோஸ் நோட்பேடு ஆன்சி என்ற முறையில்தான் சேமிக்கும், 2019-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்துதான் யுடிஎஃப்-8 இயல்பாக வந்தது. ஆன்சியில் சேமிக்கும்போது அது ஓர் எச்சரிக்கை காட்டும், நாம் ஓகே கொடுத்துவிடுவோம், எமோஜி அங்கேயே கேள்விக்குறிகளாக மாறி ஃபைலிலிருந்து போய்விடும். சேவ் ஆஸ் பெட்டியின் அடியில் என்கோடிங் என்ற இடத்தைப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

எக்செல்லில் மட்டும் குப்பையா? சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுப்பதைத் தேர்ந்து, 65001 யுடிஎஃப்-8 என்பதைக் கொடுங்கள். முக்கியமாக, குப்பையாகத் தெரியும்போது சேவ் அழுத்தவே கூடாது. அழுத்தினால் குப்பையே அசல் ஆகிவிடும், அப்புறம் பிரித்தெடுப்பது ஆள் வைத்துச் செய்கிற வேலை.

## கேள்விக்குறி வருகிறது, அல்லது எமோஜிக்குப் பிறகு எல்லாம் காணாமல் போகிறது

இதில்தான் உண்மையான நஷ்டம் இருக்கிறது.

ஒரு பேக்கரிக்கு ஆர்டர் ஃபார்ம் செய்துகொடுத்திருந்தார்கள் (நான் செய்ததல்ல, பிறகு என் கைக்கு வந்தது). கேக் மேல் என்ன எழுத வேண்டும் என்று ஒரு கட்டம். ஒரு பையன் "ஹேப்பி பர்த்டே", ஒரு கேக் பொம்மை, அப்புறம் "அம்மா" என்று போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்த கேக்கில் ஹேப்பி பர்த்டே மட்டும், அம்மாவைக் காணோம். கடைக்காரர் பையனைச் சொல்ல, பையன் கடைக்காரரைச் சொல்ல, குற்றவாளி டேட்டாபேஸ்.

மைஎஸ்க்யூஎல் என்பது நிறைய வெப்சைட்டுகள் தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ். அதில் யுடிஎஃப்8 என்று பெயர் வைத்த ஒரு முறை இருக்கிறது, அது முழு யுடிஎஃப்-8 இல்லை. ஓர் எழுத்துக்கு மூன்று பைட் மட்டும்தான் இடம் கொடுக்கும். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு துண்டும் (கி என்பது உள்ளே இரண்டு துண்டு) சரியாக மூன்று பைட். அதனால் தமிழ் எல்லாம் ஜோராக ஏறும், சோதித்துப் பார்த்தவரும் "யூனிகோடு வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலான எமோஜிக்கு நாலு பைட் வேண்டும். டேட்டாபேஸ் கண்டிப்பாக இருந்தால் பிழை காட்டி முழு ஆர்டரையும் மறுக்கும், தளர்வாக இருந்தால் எமோஜி இருக்கிற இடத்தில் வெட்டிவிட்டு அதற்கு முன்னால் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. சரியான முறையின் பெயர் யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4), அது 2010-இலேயே வந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் 8-இல் புதிதாக ஆரம்பித்தால் இயல்பாகவே அதுதான். பழைய டேட்டாபேஸை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் பிரச்சினை.

என்ன செய்வது? பிஎச்பிமைஅட்மினை (டேட்டாபேஸைப் பிரவுசரில் பார்க்க உதவும் கருவி) திறந்து அந்த டேபிளின் ஸ்ட்ரக்சர் பக்கத்தில் கொலேஷன் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு வரியும் டேபிளின் ஒரு நெடுவரிசை, எழுத்து வைக்கிற ஒவ்வொரு வரியிலும் எம்பி4 என்று இருக்க வேண்டும். டேபிளுக்கு இருந்து அதன் நெடுவரிசைக்கு இல்லாமல் போவது சகஜம், அதனால் வரிவரியாகப் பாருங்கள்.

எல்லாம் எம்பி4தான், ஆனாலும் கேள்விக்குறி வருகிறதா? அப்படியானால் டேபிள் சரி, பேசுகிற வழி தப்பு. புரோகிராம் டேட்டாபேஸோடு இணையும் இடத்தில் பழைய பெயர் இருக்கும். வேர்ட்பிரஸ் என்றால் கான்ஃபிக் ஃபைலில் டிபி சார்செட் (DB_CHARSET) என்ற வரியைப் பாருங்கள். அந்த ஒரு சொல்லை மாற்றினால் முடிந்தது, செலவு இல்லை.

டேபிளையே மாற்ற வேண்டும் என்றால் முதலில் எக்ஸ்போர்ட் செய்து முழு பேக்கப் எடுங்கள். எடுத்த ஃபைல் திறக்கிறதா, தமிழ் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் டேட்டாபேஸின் ஆபரேஷன்ஸ் பக்கத்தில் கொலேஷனை மாற்றி, எல்லா டேபிளுக்கும் எல்லா நெடுவரிசைக்கும் மாற்று என்ற இரண்டு கட்டங்களையும் டிக் செய்து கொடுக்கலாம்.

எங்கே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். மாற்றும்போது கீ மிக நீளம், 767 பைட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிற பிழை வந்தால் கையை எடுத்துவிடுங்கள். பழைய பதிப்புகளில் வருவது அது. 255 எழுத்துள்ள நெடுவரிசை மூன்று பைட் கணக்கில் 765, நாலு பைட் கணக்கில் 1020. அதற்காக 191 ஆகக் குறைக்கச் சொல்லி இணையத்தில் எழுதியிருக்கும், ஆனால் குறைத்தால் உங்கள் பழைய தகவல் எதுவும் வெட்டுப்படுமா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும். அதே மாதிரி, டேபிள் லாட்டின்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று இருந்து அதற்குள் தமிழ் இருந்தாலும் தொடாதீர்கள். நேராக மாற்றினால் இருக்கிற தமிழும் குப்பையாகும். ஒரு நாள் கூலி கொடுத்து டேட்டாபேஸ் தெரிந்தவரை உட்கார வையுங்கள், மலிவு.

ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டதை யாராலும் திருப்ப முடியாது. "சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

## கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி

இது மேலே சொன்ன கேள்விக்குறி இல்லை. எமோஜியைப் பாதியில் அறுத்திருக்கிறார்கள். செய்தியின் முதல் 100 எழுத்தை மட்டும் காட்டு என்கிற மாதிரி இடங்களில், வரியின் கடைசியில் மட்டும் வரும். பைட் கணக்கில் வெட்டுகிற புரோகிராமை எழுத்துக் கணக்கில் வெட்ட வைக்க வேண்டும். அப்பா, அம்மா, மகள், மகன் என நாலு பேர் குடும்பம் நம் கண்ணுக்கு ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் 11, யுடிஎஃப்-8-இல் 25 பைட். தமிழிலும் இதே கூத்து உண்டு, ஸ்ரீ என்பது உள்ளே நாலு துண்டு. அதனால் டெவலப்பரிடம் "எமோஜிக்காக" என்று சொல்லாமல் "கிராஃபீம் கணக்கில் வெட்டுங்கள்" (கிராஃபீம் என்றால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து) என்று சொன்னால் தமிழும் சேர்ந்து சரியாகிவிடும்.

## எஸ்எம்எஸ் பில் மூன்று மடங்கு

ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து. ஒரே ஒரு எமோஜி சேர்த்தால் முழு மெசேஜும் வேறு முறைக்கு மாறி வரம்பு 70 ஆகிவிடும், நீளமான மெசேஜ் 67 எழுத்துத் துண்டுகளாகப் போகும். 150 எழுத்து மெசேஜில் கடைசியில் ஒரு பூ வைத்தால் மூன்று மெசேஜ் காசு. தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்கு முதலிலிருந்தே 70தான், அதில் எமோஜி சேர்ப்பதால் வரம்பு மாறாது, ஆனால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு எழுத்தாகவாவது கணக்காகும். டிஎல்டியில் (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் மெசேஜை முன்கூட்டியே பதியும் இடம்) பதிந்த டெம்ப்ளேட்டில் இல்லாத எமோஜியைச் சேர்த்தால் மெசேஜ் போகவே போகாது. மொத்த எஸ்எம்எஸ்ஸில் எமோஜி வேண்டாம், வாட்ஸப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

## பிரிண்டில் வரவில்லை

பிரவுசரிலிருந்து பிடிஎஃப் ஆக்கினால் வருகிறதா பாருங்கள். வந்தால் அதையே பிரிண்ட் செய்யுங்கள், வேலை முடிந்தது. உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் உருவாக்கும் பிடிஎஃப்பில் மட்டும் வரவில்லை என்றால் அது பயன்படுத்தும் நிரலுக்கு எமோஜி தெரியாது, விற்றவரைக் கேளுங்கள். கடை பில் போடும் தெர்மல் பிரிண்டரில் எதிர்பார்க்கவே வேண்டாம். வாடிக்கையாளர் பெயரோடு இதயம் போட்டுச் சேமித்து வைத்துவிட்டு, பில்லில் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வருகிறதே என்றால், பெயரிலிருந்து இதயத்தை எடுங்கள். டிடிபி கடையில் இன்னும் பேஜ்மேக்கரில் பாமினி வைத்து அழைப்பிதழ் அடிக்கிறார்கள் என்றால் அங்கே யூனிகோடே கிடையாது, எமோஜியைப் படமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

## எல்லோருக்கும் தெரிகிறது, ஒருவர் மட்டும் திட்டுகிறார்

அவர் ஸ்கிரீன் ரீடரில் (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் புரோகிராம்) கேட்டுப் படிப்பவராக இருக்கலாம். அது ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் வாசிக்கும். நீங்கள் வரிசையாக எட்டு 😂 போட்டால் அவர் "ஆனந்தக் கண்ணீருடன் முகம்" மாதிரி ஒரு பெயரை எட்டுத் தடவை கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். வரியின் நடுவில் போடாமல் கடைசியில், ஒன்றே ஒன்று போடுங்கள். வெப்பக்கத்தில் அலங்காரத்துக்கு மட்டும் போட்டது என்றால் ஏரியா ஹிடன் (aria-hidden="true") என்று கொடுத்து அந்த வாசிப்பிலிருந்து மறைத்துவிடலாம். ஆனால் பட்டனில் வெறும் குப்பைத்தொட்டிப் பொம்மை மட்டும் இருந்தால் மறைக்காதீர்கள், பக்கத்தில் "நீக்கு" என்று எழுதிவிடுங்கள்.